கிளார்க்

தொலைபேசியில் பெயரைச் சொன்னால் போதும்,
எதிர்முனைக் குரல் நாற்காலியில் நிமிர்ந்து உட்காரும்.
'திங்கட்கிழமை வாருங்கள், மிஸ்டர் கிளார்க்.'
எழுபத்தொன்பதில், டர்பன் துறைமுகத்தில்
ஒரு கிட்டங்கி வேலைக்கு அப்படித்தான் போனேன்,
இரவல் டை கழுத்தை இறுக்க.
வரவேற்பறைப் பெண் என் தோளுக்குப் பின்னால்
யாரையோ தேடினாள்.
கிளார்க் இன்னும் வரவில்லை என்றாள்.
நான்தான் என்றேன்.
வேலை பத்து நிமிடத்துக்கு முன் நிரம்பிவிட்டதாம்.

தமிழ்நாட்டில் யாருக்கும் இந்தப் பெயரை விளக்க வேண்டாம்.
தாலுகா ஆபீசில்
மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து
'நாளைக்கு வா' என்கிறவர்.
அவரேதான்.
இங்கிலாந்தில் முதலில் அது பாதிரியைக் குறித்தது,
எழுத்து அவர்களிடம்தான் இருந்தது என்பதால்.
அப்புறம் எழுத்து தெரிந்த எவரையும்.
அப்புறம் கணக்கெழுதியவனின் மகனை,
அவனுக்குக் கையெழுத்தே போடத் தெரியாவிட்டாலும்.
ஊருக்கொரு கணக்கன்; ஆகவே ஊர்தோறும் இந்தப் பெயர்.
சிலர் பெயரின் வாலில் ஓர் 'ஈ' உட்கார்ந்திருக்கும்.
எங்களுடையதில் அதுகூட இல்லை.

டைரக்டரியில் நாயுடுக்கள் பக்கம் பக்கமாய் ஓடுவார்கள்.
முதலியார் மூட்லி ஆகி, கவுண்டர் கோவெண்டர் ஆகி
அவர்களுக்கும் குறைவில்லை.
கிளார்க் ஒன்றரைப் பத்தி.
அதில் சாட்ஸ்வொர்த் முகவரி
ஒன்றே ஒன்று.

தேவாலயத்தில் தண்ணீர் தெளித்துத் தந்த பெயர்
என்பாள் ஜெபக்கனி அத்தை.
அண்ணனிடம் கப்பல் பதிவேட்டின் நகல் இருக்கிறது.
பூட்டனின் பெயர் சுடலைமுத்து, ஊர் களக்காடு.
பெயர்க் கட்டத்தில் சுடலை நசுங்கிக் கிடக்கிறார்.
ஊர், ஒரு கட்டம் தள்ளி உட்கார்ந்து,
காட்டை உதிர்த்துவிட்டு
கிளார்க் என்று நிற்கிறது.
எழுதியவனுக்கு அன்று முந்நூறு பேர், வெயில் வேறு.
காதில் விழுந்ததை விட்டுக் கைக்குப் பழகியதை எழுதினான்.
தன் உத்தியோகத்தையே எழுதித் தொலைத்தானோ என்னமோ.
அத்தை இதை நம்பவில்லை.
நான் பாதி நம்புகிறேன், மழைநாட்களில் முழுக்க.

போன மாதம் திரோஷினி ஒருவனைக் கூட்டி வந்தாள்.
பைன்டவுன் பையன், குழாய் வேலை,
வெயிலில் சிவந்த கழுத்து.
'கேரத் என்றால், கேரத் என்ன?' என்றாள் என் மனைவி.
சொன்னான்.
ரசத்தில் கரண்டி நின்றது.
அண்ணன்தான் மேசையைத் தட்டிச் சிரித்தார்:
'அடப்பாவி, பங்காளி முறையல்லவா ஆகிறது!'
கேரத் விளங்காமல் நன்றி சொன்னான்.

உள்துறை அலுவலகத்தில், மூன்றாம் சாளரத்தில்,
ம்கீசே அம்மாள் படிவத்தை இருமுறை படித்தாள்.
'நீங்கள் இருவரும் உறவா?'
'இல்லை, என் பக்கம் நார்தாம்ப்டன்' என்றான் அவன்.
'என் பக்கம் களக்காடு' என்றாள் என் மகள்,
பார்த்தேயிராத ஊரைப்
பக்கத்துத் தெருவைப்போல.
'அதை எப்படி எழுதுவது?'
ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள்.
உறவில்லை என்பதற்கு அத்தாட்சியாய்
ஓரத்தில் அது ஏறியது, ஓர் எழுத்தும் உதிராமல்.
திருமணத்துக்கு முன் பெயர்: கிளார்க்.
பின் ஏற்கும் பெயர்: கிளார்க்.
நாங்கள் மூவர் அந்தப் பெயரோடு நின்றிருந்தோம்.
அந்த வேலையைச் செய்தவள்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

பேனாவை மூடி,
மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தாள்.
முத்திரை மேலதிகாரியிடம் இருக்கிறதாம்.
நாளைக்கு வரச் சொன்னாள்.